யானை ஏறாத கதவு

யானை வந்ததை நான் பார்க்கவில்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானைக் கதவைப் பார்க்க எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று நீங்கள் கண்டக்டரிடம் கேட்டதால்தான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை. நீங்கள் நாகலாங்குறிச்சி பஜாரில் இறங்க வேண்டும். நானும் அங்கேதான் இறங்குகிறேன். எங்கள் ஊர்தான்.

யானை வந்த அன்று நான் விருதுநகரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். அதனால் அந்தப் பகுதி மட்டும் கேள்விப்பட்டது. சொன்னவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் அங்கேயே நின்றவர்கள். ஆனால் ஒருவர் சொன்ன யானைக்குத் தந்தம் உண்டு, இன்னொருவர் சொன்னதற்குக் கிடையாது. மூன்றாவது ஆள் எங்கள் அப்பா. அவருடைய யானை சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் பேப்பரில் பார்த்த படத்தை வைத்தும் தீர்மானிக்க முடியாது. அதில் யானையின் முதுகும் சலூன் குருசாமி மாமாவின் ஒரு காலும்தான் இருக்கிறது.

கதையை முறையாகச் சொல்கிறேன். எனக்கு முறையாகச் சொல்லாவிட்டால் பதற்றமாகிவிடும்.

எங்கள் பஜாரில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கச்சேரி என்பார்கள். ஒரு காலத்தில் தாலுகா கச்சேரி, அதாவது தாலுகா ஆபீஸ், அதில் நடந்தது. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் சொல்வார்கள். கீழே மூன்று வளைவுகள். சுண்ணாம்புச் சுவர், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். மாடியில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வரிசையாக. நடுவில் மட்டும் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவு. தேக்கில் இரட்டைக் கதவு. திறந்தால் பால்கனி கிடையாது, படி கிடையாது, நேரே பஜார்தான். கதவுக்கு மேலே சுவரிலிருந்து ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இரும்புக் கொக்கி.

அந்தரத்தில் ஒரு கதவு இருந்தால் மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் அல்லவா. குருசாமி மாமா அது தூக்குமேடை என்பார். வெள்ளைக்காரன் ஆளைக் கதவு வழியாகத் தள்ளிவிடுவானாம், கொக்கி பிடித்துக்கொள்ளுமாம். முகத்தில் சோப்பு போட்டுக் கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் இந்தக் கதையை ஆரம்பிப்பார். யாரும் எழுந்து போக முடியாது. வெற்றிலைக்கடை சீனியம்மாள் பெரியம்மா, ஜமீனின் இளைய ராணி அதிலிருந்து குதித்து உயிரை விட்டாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் தன் கடைமுன் சூடம் கொளுத்துவார். எங்கள் அப்பா யானைக் கட்சி. ஜமீன்தார் மாடியிலிருந்து நேராக யானை மேல் ஏறுவதற்காக வைத்த கதவு என்பார். சுரங்கப்பாதையும் உண்டு. சுரங்கப்பாதை இல்லாத பழைய கட்டடத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா.

எங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டடத்தின் நடு வளைவுக்குக் கீழேதான் இஸ்திரி வண்டி. இஸ்திரிக்கடை சங்கிலி என்றால் எல்லோருக்கும் தெரியும். வெயில் படாது, மழை படாது, பாங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தில் தேய்த்துத்தான் என்னைப் பி.ஏ. வரலாறு படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்.

போன வருஷம் பேரூராட்சியில், கச்சேரி இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, இடித்துவிட்டு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டலாம் என்று பேசினார்கள். காம்ப்ளக்ஸ் வாசலில் இஸ்திரி வண்டியை யார் விடுவார்கள்? அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சி, மூணு வருஷம் ஹிஸ்டரி படிச்சிருக்கியே. இந்தக் கட்டடத்துக்கு ஒரு ஹிஸ்டரி எழுதிக் குடு. பழைய கட்டடம், ஜமீன் கட்டடம்னு ஆயிட்டா இடிக்க மாட்டாங்களாம்ல."

வரலாறு அப்படிக் கேட்டவுடன் எழுதுவது இல்லை, ஆதாரம் வேண்டும் என்றேன்.

"அப்ப நீ படிச்சது என்ன, அடுத்த ஊர்க்காரன் ஹிஸ்டரியா?"

அது உண்மைதான் அக்கா. நான் பிரெஞ்சுப் புரட்சியை நன்றாக எழுதுவேன்.

அதிலிருந்து பஜாரே என்னைப் பார்க்க ஆரம்பித்தது. காய் வாங்கப் போனால் என்னம்மா, கண்டுபிடிச்சிட்டியா என்பார்கள். நான் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை அளந்தேன், வளைவை அளந்தேன். பேரூராட்சி வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மாடிக்குப் போய்க் கதவின் வாசற்கல்லையும் அளந்தேன். கல்லின் விளிம்பில் வழவழவென்று இரண்டு மூன்று பள்ளங்கள் இருந்தன. தூக்குக் கயிறு உரசிய தடம் என்றார் குருசாமி மாமா. யானைச் சங்கிலி உரசிய தடம் என்றார் அப்பா. ராணி நகத்தால் பிறாண்டியது என்றார் பெரியம்மா. நான் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. குருசாமி மாமாவோடு உட்கார்ந்து பேசி அவரைத் தூக்குமேடைக் கட்சியிலிருந்து யானைக் கட்சிக்கு இழுத்துவிட்டார். தூக்குப்போட்ட இடம் என்றால் பேய் இருக்கிறது என்று முதல் வேலையாக இடித்துவிடுவார்கள், யானை என்றால் பிள்ளைகுட்டிகளோடு பார்க்க வருவார்கள் என்பது அப்பாவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. நீங்களே வருகிறீர்களே.

இனி வருவதுதான் நான் பார்க்காதது. பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துக்குப் போகிற யானை ஒன்று எங்கள் பஜார் வழியாக வந்திருக்கிறது. அப்பா பாகனை மறித்து, வேட்டி சட்டை கசங்கியிருக்கிறதே, இப்படியா கோயிலுக்குப் போவது என்று கேட்டு, அவரை ஒரு துண்டோடு நிற்கவைத்து, வேட்டி சட்டையை வாங்கித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பாகன் வேட்டியில்லாமல் எங்கே போவார்? அதற்குள் யானையைக் கதவுக்குக் கீழே நிறுத்தியாயிற்று. உள்ளூர் நிருபருக்குப் போன் போட்டாயிற்று. குருசாமி மாமா மாடிக்குப் போய் ஜமீன்தார் மாதிரி தோளில் ஒரு ஜரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார்.

கதவைத் திறந்ததும் வௌவால்கள் கூட்டமாக வெளியே வந்திருக்கின்றன. குருசாமி மாமா வாசற்கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை யானையின் முதுகை நோக்கித் தொங்கவிட்டிருக்கிறார். கால் எட்டவில்லை. இன்னொரு குருசாமி மாமாவை நடுவில் தொங்கவிட்டால்தான் எட்டுமாம். இதைச் சொன்னது பெரியம்மா. கால் பட்டுவிட்டது என்று சொல்வது அப்பா. நிருபர் தரையில் படுத்துக்கொண்டு படம் எடுத்ததில் அந்த இடைவெளி தெரியவில்லை. யானை பொறுமையாக நின்றுவிட்டு, அப்பாவின் வண்டியிலிருந்து தலைமையாசிரியர் வேட்டியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னது அது ஒன்றுதான். ஆகவே அது நடந்திருக்கும்.

மறுநாள் பேப்பரில் படம். இரண்டு வாரம் கழித்துப் பழங்கட்டடங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வரப்போவதாகத் தகவல். பஜாரில் ஒரே கொண்டாட்டம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் நான் அளந்து வைத்திருந்தேன் அக்கா. கதவு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதிலிருந்து எந்த யானையின் மேலும் ஏற முடியாது.

சலூனில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். அந்தக் காலத்து யானை உயரம் என்றார் அப்பா. குருசாமி மாமா அதைவிடக் கெட்டிக்காரர். வருஷத்துக்கு வருஷம் ரோடு போட்டுப் போட்டுத் தரை உயர்ந்துவிட்டது, அந்தக் காலத்தில் எல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு தவறாக இருந்தது. தரை உயர்ந்திருக்கிறது என்றால் இன்றைய யானை மேடு மேல் நிற்கிறது. அந்தக் காலத்து யானை இன்னும் பள்ளத்தில் நின்றிருக்கும். இடைவெளி இன்னும் கூடத்தான் செய்யும் என்றேன்.

குருசாமி மாமா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"சங்கிலி, உம்ம பிள்ளை நம்ம பக்கமா, காம்ப்ளக்ஸ்காரன் பக்கமா?" என்றார் குருசாமி மாமா.

நான் யார் பக்கமும் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய தரை எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்த்துவிட்டால் பிரச்சினையே இல்லை. எங்கே தோண்டுவது? பெரியம்மா கடைமுன் தோண்டினால் சூடம் கொளுத்துகிற இடம் என்பார். மற்ற இரண்டு வளைவுகளிலும் சைக்கிள் நிறுத்துகிறார்கள், சண்டைக்கு வருவார்கள். யோசித்துப் பார்த்ததில் யாரும் ஆட்சேபிக்க முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் வண்டி நிற்கும் இடம்.

அப்பா வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். வேலைக்கு ஆளையும் அவரே கூட்டி வந்தார். மகள் ஏதோ கண்டுபிடிக்கப்போகிறாள் என்று டீ வேறு.

கண்டுபிடித்தேன் அக்கா. தார், அதற்குக் கீழே தார், அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே கருங்கல் படிகள். தேய்ந்து வழவழப்பான அகலமான படிகள். இரண்டு பக்கமும் சுவரின் அடியில் தாமரை இதழ் மாதிரி வேலைப்பாடு செய்த கல்வரிசை. அந்தக் கட்டடம் இத்தனை வருஷம் முழங்கால் வரை புதைந்துதான் நின்றிருக்கிறது. பஜாரே வந்து பள்ளத்தைச் சுற்றி நின்றது. என் மகள் ஹிஸ்டரி படிச்சவ என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அதிகாரி வந்தார். ரெஜினா மேடம் என்று பெயர், மதுரையிலிருந்து. காரிலிருந்து இறங்கி அண்ணாந்து கதவைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். மாடிக்குப் போய் வாசற்கல்லில் விரலை வைத்துத் தடவினார். அவ்வளவுதான்.

"இது பஞ்சுப் பொதி ஏத்தி இறக்குற கதவு. அந்தக் கொக்கியில கப்பி மாட்டி, கயிறு போட்டு இழுத்திருக்காங்க. கல்லுல பாருங்க, கயிறு அறுத்த தடம். இது கச்சேரி ஆகுறதுக்கு முன்னாடி பஞ்சு கிட்டங்கி."

கிட்டங்கி. அதாவது குடோன். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராணி இல்லை, யானை இல்லை, தூக்கு இல்லை, பஞ்சு மூட்டை. பெரியம்மா மட்டும் ராணி மூட்டை மேல் விழுந்திருந்தால் பிழைத்திருப்பாளே என்று முணுமுணுத்தார்.

மேடம் என்னைப் பார்த்து, யானையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். அப்பா எனக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். நான் அளந்ததைச் சொன்னேன். யானை சாத்தியமில்லை மேடம் என்றேன். ரோடு கணக்கையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இந்த வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன், தன் ஊர்க் கதையைத் தானே மறுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு பள்ளத்தில் இறங்கிப் படிகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யானையையும் கேட்கவில்லை, பஞ்சையும் கேட்கவில்லை. படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் இந்த மாதிரி வேலைப்பாட்டோடு ஒரு கிட்டங்கியை நான் பார்த்ததில்லை, இதை இடிக்க விட மாட்டேன் என்றார்.

பஜாரில் வெடி போட்டார்கள். கட்டடம் தப்பித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து வேலி போட ஆட்கள் வந்தார்கள். படிகள் எல்லோருக்கும் தெரிய வேண்டும், நடு வளைவுக்கு முன்னால் எதுவும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. சைக்கிள் நிறுத்தலாம், அது ஓரம். பெரியம்மா கடை இருக்கலாம், அதுவும் ஓரம். குருசாமி மாமாவின் சலூன் எதிர்ப்பக்கம். போக வேண்டியது இஸ்திரி வண்டி ஒன்றுதான்.

அப்பா என்மேல் கோபப்படவில்லை அக்கா. அதிலிருந்து என் சுடிதாரை நானே தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குருசாமி மாமாதான், காம்ப்ளக்ஸ் வந்திருந்தாக்கூட சங்கிலி ஓரமா நின்னிருப்பான், சொந்தப் பிள்ளை தோண்டிப் பள்ளத்துல விட்டிருச்சு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது எப்படி என் தப்பாகும் என்று எனக்குப் புரியவில்லை. படிகள் அங்கே இருந்தன. நான் வைக்கவில்லை.

வேலிக்குக் குழி எடுக்கிற அன்று மேடம் மேற்பார்வைக்கு வந்தார். அப்பா பள்ளத்தின் ஓரத்தில் நின்ற வண்டியை நகர்த்தவில்லை. கரியைப் போட்டு ஊதிக்கொண்டு, யார் வந்தால் எனக்கென்ன என்கிற மாதிரி ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலரை மட்டும் அத்தனை நேரம் யாரும் தேய்க்க மாட்டார்கள். நகரச் சொல்லியாயிற்றே என்று மேடம் கேட்டதும்தான் நிமிர்ந்தார்.

"எங்க பாட்டன் காலத்துலருந்து இந்த இடம்தான் மேடம். ஜமீன் வேட்டியெல்லாம் இங்கதான் தேய்ச்சது."

எங்கள் தாத்தா இந்த ஊருக்கு வந்ததே இல்லை. பஸ் ஏறினால் வாந்தி வரும் என்று அப்பாவின் கல்யாணத்துக்கே வரவில்லை. பாட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அப்பா பொய் சொல்கிறார் என்று பஜாருக்கே தெரியும். பஜாரே நின்று ஆமா ஆமா என்று தலையாட்டியது.

மேடம் கொஞ்சம் யோசித்தார். ஒரு இடத்தில் வழக்கமாக நடந்துவரும் தொழில் ஏதாவது இருந்தால் அதற்கு இடம் விட்டு வேலியை ஒதுக்கிப் போடலாம், அதற்கு வழி இருக்கிறது என்றார். ஆனால் உண்மையாக இருக்க வேண்டும் என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பஜாரில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ சொல்லும்மா. யானை விஷயத்துலயே நீ பொய் சொல்லல. உங்க ஆளுங்க இங்க எவ்வளவு நாளா இருக்காங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கல்லில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். யானை விஷயத்தில் தொண்டையைச் செருமின ஆள், இந்தத் தடவை செருமக்கூட இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"நான் பிறந்ததிலருந்து எங்கப்பா இங்கதான் நிக்கிறார் மேடம். சின்ன வயசுல நானும் இதே இடத்துல நின்னு துணி மடிச்சிருக்கேன். அப்படிப் பார்த்தா ரெண்டு தலைமுறை."

இதில் எந்த வார்த்தை தப்பு? சொல்லுங்கள். நான் துணி மடித்தது உண்மை. அப்பாவும் நானும் சேர்ந்தால் இரண்டு தலைமுறை, அதுவும் உண்மை. பாட்டனைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயோரம் லேசாக ஒரு சிரிப்பு மாதிரி தெரிந்தது. சிரிப்புதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு வேலி போடுகிறவர்களிடம் திரும்பி, வண்டி நிற்க இடம் விட்டு ஒதுக்கிப் போடுங்கள், படியை மறைக்காமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிற்கட்டும் என்றார்.

நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது வேலி ஒரு இடத்தில் மட்டும் வளைந்து போயிருக்கும். அந்த வளைவுக்குள் நிற்பதுதான் எங்கள் வண்டி. பார்க்க வருகிறவர்களுக்கு அப்பா கதவைக் காட்டி யானைக் கதையைச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், மறுத்துப் பேசாதீர்கள். மறுத்தால், உங்கள் சேலை கசங்கியிருக்கிறதே, தேய்த்துத் தருகிறேன் என்பார் அப்பா. வேலியை ஒதுக்கிப் போட்ட மறுநாள் காலையில் என் சுடிதார் நாற்காலியில் தேய்த்து மடித்து வைத்திருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் மேடத்திடம் அப்படிச் சொன்ன அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு ஒரே கவலை. பிறந்ததிலிருந்து என்று சொல்லிவிட்டேனே, அது சரிதானா? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை, அவர் பாட்டன் காலம் என்பார். அம்மாவிடம் விசாரித்தேன். முதலில் வண்டி தேரடி முக்கில்தான் நின்றதாம். கச்சேரிக்குக் கொண்டுவந்த நாள் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிறைமாதமாக இருக்கும்போது செவ்வாய்க்கிழமையில் வண்டியை இடம் மாற்றுகிறாரே என்று அம்மா அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறார். அம்மா சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று சீனியம்மாள் பெரியம்மாவிடமும் தனியாகக் கேட்டேன். அவரும் செவ்வாய்க்கிழமை என்றுதான் சொன்னார்.

நான் பிறந்தது அதே வாரம் வெள்ளிக்கிழமை.